மவுண்ட் நீபோ பலகை

திருடன் புல்லை நட்டுவிட்டுப் போயிருந்தான்.

டெல்ஃபின் ஹோல்கம் மண்டியிட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்புவரை அங்கே ஓர் அலுமினியப் பலகை நின்றிருந்தது. 'மவுண்ட் நீபோ இடுகாடு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு இங்கே குடியேறியவர்கள் இம்மண்ணில் உறங்குகிறார்கள்' என்று மாநில முத்திரையோடு சொன்ன பலகை. இப்போது பலகையும் இல்லை, அதைத் தாங்கிய இரும்புக் கம்பமும் இல்லை. குழி மூடப்பட்டு, மேலே சதுரமாக வெட்டிய புல்பத்தை கச்சிதமாகப் பொருத்தப்பட்டிருந்தது.

"எங்க வீட்டுல திருட வந்தவன் கதவைக்கூட சாத்திட்டுப் போகலை பாஸ்," என்றான் எலிசியோ கான்ட்டு. "இவன் தோட்டவேலையே செஞ்சிருக்கான். ஆளு கிடைச்சா நம்ம ஆபீஸ் முன்னாடி இருக்கிற புல்லையும் கொஞ்சம் பாக்கச் சொல்லலாம்."

எலிசியோ முன்பு கார் டிங்கரிங் பார்த்தவன். ஆறு வருஷமாக டெல்ஃபினின் உதவியாளன். டெல்ஃபின் அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் கோர்ட் கட்டடத்தில் நிலப் பத்திரங்களைப் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். கார்மடி ஊரில் துப்பறியும் உரிமம் வைத்திருந்த ஒரே ஆளும் அவள்தான்.

"கம்பெனிக்காரங்க செய்யலை," என்றாள் எழுந்தபடி.

"அதை மிஸ்டர் ரென்ஃப்ரோகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?"

அதுதான் சிக்கல். பலகைக்குப் பின்னால் இருந்த நான்கு ஏக்கர் புல்வெளியை டன்வுடி ஜல்லிக் கம்பெனி வாங்கியிருந்தது. அங்கே தோண்டக் கூடாது என்று வழக்குப் போட்டவர் ரென்ஃப்ரோ. எழுபத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அவருடைய பூட்டனும் பூட்டியும் அந்த மண்ணில்தான் கிடப்பதாகச் சொன்னார். மரச் சிலுவைகள் எப்போதோ மக்கிவிட்டதால் மேலே பார்க்க ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால் சோதனைக் குழி வெட்டிப் பார்க்கச் சொல்வேன் என்று நீதிபதி சொன்னது செய்தித்தாளில் வந்திருந்தது. அது வந்த ஞாயிற்றுக்கிழமையே பலகை காணாமல் போனது. கம்பெனிதான் திருடியது என்று நிரூபித்தால் வழக்கு ஜெயித்தது மாதிரி என்று ரென்ஃப்ரோ நம்பினார். அதற்காகத்தான் டெல்ஃபினை அமர்த்தியிருந்தார். விசாரணை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. இன்று செவ்வாய்.

"கம்பெனி ஆள்னா கம்பத்தை அறுத்துட்டுப் போயிட்டே இருப்பான்," என்றாள் டெல்ஃபின். "இவன் அடியோட பிடுங்கியிருக்கான். குழியில முதல்ல ஜல்லி, அது மேல களிமண், அதுக்கு மேல புல். நடுவுல லேசா மேடு விட்டிருக்கான் பாரு. மழைத் தண்ணி தேங்காம ஓடறதுக்கு."

"திருடனுக்கு வானிலை அறிக்கை எதுக்கு?"

"பழக்கதோஷம். வாழ்நாள் பூரா இப்படியே மூடினவன். ரோடு போடறவன்."

எலிசியோ புல்லைக் காலால் தட்டிப் பார்த்தான். "எங்க மாமா கௌன்ட்டி ரோடு டிபார்ட்மென்ட்லதான் இருந்தார். நாப்பது வருஷம் மண்வெட்டி மேல சாஞ்சு நின்னே பென்ஷன் வாங்கினவர். இந்த ஊர்ல ஒரு ஜெனரல் ஒரு மத்தியானம் தூங்கின மரத்துக்கெல்லாம் பலகை வெச்சிருக்காங்க. எங்க மாமாவுக்கு மட்டும் யாரும் வைக்கலை."

"அந்த மாமாவுக்கு போன் போடு."

அவன் காருக்குப் போய் ஸ்பானிஷில் நீண்ட நேரம் குசலம் விசாரித்தான். டெல்ஃபின் கையிலிருந்த ஃபைலைத் திறந்தாள். ரென்ஃப்ரோ கொடுத்த பழைய புகைப்படம் ஒன்று உள்ளே இருந்தது. 1969-இல் பலகை திறந்துவைத்த அன்று எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை உடையில் பதினாறு கறுப்பின மனிதர்கள், நடுவில் புதுப் பலகை, ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு பாதிரியார். பலகையை அடையாளம் காட்டுவதற்காக ரென்ஃப்ரோ அதைத் தந்திருந்தார். டெல்ஃபின் இதுவரை பலகையைத்தான் பார்த்திருந்தாள். இப்போதுதான் பாதிரியாரின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

தானியம் கொட்டி வைக்கும் கோபுரம். ரயில் நிலையத்தை ஒட்டி ஊரிலேயே உயரமாக நிற்குமே, அதுதான். படத்தில் அது பாதிரியாரைவிட இரண்டு மடங்கு உயரம் இருந்தது.

அவள் தலையை நிமிர்த்தினாள். புல்வெளி, முள்வேலி, ஒரு மேடு, வானம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோபுரம் இல்லை. ஊர் நான்கு மைல் தள்ளி அந்த மேட்டுக்கு அப்பால் இருந்தது.

எலிசியோ திரும்பி வந்தான். "மாமா சொல்றார், நடுவுல மேடு விட்டு மூடலைன்னா திரும்பத் தோண்ட வைக்கிற ஃபோர்மேன் ஒருத்தர்தான் இருந்தாராம். ஆல்வின் மெங்கே. எண்பத்தாறு வயசு, இன்னும் உயிரோட இருக்கார். டிராக்டர்கூட ஓட்டறாராம்."

"அவரைப் பாக்கறதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துக்குப் போகணும்," என்றாள் டெல்ஃபின்.

ரயில் பாதையோரம் காரை நிறுத்தினார்கள். படத்தைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொண்டு, நிஜக் கோபுரமும் படக் கோபுரமும் ஒரே அளவாகத் தெரியும்வரை எலிசியோ பின்னால் நடக்க வேண்டும்.

"பின்னால குழி இருந்தா சொல்லுங்க. எனக்குப் பலகை வைக்கவும் ஆள் கிடையாது."

"நட."

தண்டவாளம் தாண்டி, வேலி தாண்டி, நூற்றிருபது அடி. ஒரு கணம் நின்றான். இடது பக்கம் இரண்டடி நகர்ந்தான். "இங்க. கச்சிதமா பொருந்துது."

இருவரும் கீழே பார்த்தார்கள். காலுக்கடியில் தார். மஞ்சள் கோடுகள். அது பள்ளிக் கால்பந்து மைதானத்தின் வாகன நிறுத்துமிடம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஆட்டம் பார்க்க ஊர் முழுக்க வந்து காரை நிறுத்தும் இடம். எலிசியோவும் பதினேழு வயதில் பள்ளி அணியின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு இங்கேதான் பேருந்திலிருந்து இறங்கியிருக்கிறான்.

அவன் மஞ்சள் கோட்டிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தான். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"பலகைதான் நகர்ந்திருக்கு பாஸ்," என்றான் கடைசியில்.

"ஆமா. இடுகாடு நகரலை."

ஆல்வின் மெங்கே வீட்டில் டிராக்டர் வாசலிலேயே நின்றது. அதன் பின்புறக் கொக்கியில் இன்னும் சங்கிலி தொங்கியது. மெலிந்த மனிதர், காதில் கேட்கும் கருவி. டெல்ஃபின் பெயரைச் சொன்னதுமே எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஷெட் கதவைத் திறந்தார்.

பலகை சுவரோரம் போர்வை மேல் படுக்கவைக்கப்பட்டிருந்தது. அழுக்குத் துடைத்து, எழுத்துகளுக்குப் புதுசாகக் கறுப்பு அடித்திருந்தார்.

"ரொம்ப மங்கிப் போயிருந்துச்சு," என்றார்.

"எப்ப இடம் மாத்தினீங்க மிஸ்டர் மெங்கே?"

"எழுபத்தெட்டு. பள்ளிக்கூடத்துக்குப் பெரிய மைதானம் கட்டினாங்க. வண்டி நிறுத்த இடம் வேணும்னு அந்த நிலத்தைச் சமம் பண்ணச் சொன்னாங்க. பலகையை நெடுஞ்சாலை ஓரத்துல வெச்சா டூரிஸ்ட் பாப்பாங்க, அங்க கொண்டு போய் நடுன்னாங்க. நட்டேன்."

"யாரும் கேக்கலையா?"

"அந்த ஜனங்க எல்லாரும் அதுக்குள்ள ஹூஸ்டன், டல்லஸ்னு போயாச்சு. வயசான ரெண்டு பொம்பளைங்க மட்டும் வந்து கேட்டாங்க. பலகைதான் மாறுது, கல்லறைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு மேலிடத்துல சொல்லச் சொன்னாங்க. சொன்னேன்."

"தாருக்கு அடியில இருக்காங்க, அப்படித்தானே?" டெல்ஃபின் கேட்டாள். அந்தக் கேள்வியில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருந்தது. தாரைப் பெயர்க்கலாம். பெயர்க்கச் சொல்லி வழக்காவது போடலாம்.

மெங்கே பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அது மேட்டு நிலம்மா. சமம் பண்றதுன்னா அஞ்சடி வெட்டி எடுக்கணும்."



"அந்த மண் எங்க போச்சு?"

"எங்கெல்லாம் பள்ளம் இருந்துச்சோ அங்க. ஓடைப் பாலத்துக்குக் கொஞ்சம், டிப்போ ரோட்டுக்குக் கொஞ்சம். விலைக்குக் கேட்டவங்களுக்கும் குடுத்தாங்க. எந்த லாரி எங்க போச்சுன்னு யாரும் எழுதி வைக்கலை. ரெண்டாவது நாள் வெட்டறப்ப கல்லறையில வைக்கிற கண்ணாடிப் பூச்சாடி ஒண்ணு வந்துச்சு, முழுசா. அப்புறம் வந்ததை நான் சொல்ல விரும்பலை. நிறுத்துங்கடான்னேன். மேல போய்ச் சொன்னேன். திங்கக்கிழமைக்குள்ள முடிக்கணும்னாங்க. எனக்கு மூணு குழந்தைங்க. முடிச்சேன்."

"எத்தனை கல்லறை?"

"கண்ணுக்குத் தெரிஞ்சது அறுபதுக்கு மேல."

ஷெட்டுக்கு வெளியே ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு திரிந்தது. டெல்ஃபின் அவரை நேராகப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு எடுத்தீங்க?"

"பேப்பர்ல படிச்சேன். சோதனைக்குழி வெட்டுவாங்கன்னு. வெட்டினா அங்க ஒண்ணுமே இருக்காது. அந்த மனுஷன் கோர்ட்ல எல்லார் முன்னாடியும் நிப்பார்." மெங்கே கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "பலகை இல்லைன்னா கேஸ் அப்படியே தள்ளிப் போயிடும்னு நெனச்சேன். யாரும் தோண்ட மாட்டாங்க. அவருக்கும் தெரியாமலே போயிடும்."

"நீங்க நேர்ல போய்ச் சொல்லியிருக்கலாம்."

"நாப்பத்தாறு வருஷமா அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

அவர் போர்வையின் ஓரத்தைப் பலகை மேல் மடித்துவிட்டார். "என் பேரன் அந்த மைதானத்துல கோச்சா இருக்கான். நான் போனதுக்கப்புறம் சொல்லிக்குங்க."

டெல்ஃபின் எவ்வளவு கேட்டும் அவர் கையெழுத்துப் போடச் சம்மதிக்கவில்லை.

காரில் எலிசியோ சொன்னான், "பலகையைத் திருப்பி நட்டுடலாம் பாஸ். நாமளும் நடுவுல மேடு விட்டே மூடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

"நாளன்னைக்கு அவர் பைபிள் மேல கை வைக்கப் போறார் எலிசியோ. குழி வெட்டிட்டு, ஒண்ணும் இல்லாததைக் காட்டப் போறாங்க. அது மெங்கே சொல்றதைவிட மோசமா இருக்கும்."

"எப்படிச் சொல்லப் போறீங்க?"

"தெரியலை."

ரென்ஃப்ரோ சமையலறை மேஜையில் உட்கார்ந்து பெக்கான் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கம்பெனிக்காரன்தானே மிஸ் டெல்ஃபின்? எனக்குத் தெரியும்."

டெல்ஃபின் உட்கார்ந்தாள். எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல் சொன்னாள். புகைப்படத்தை மேஜை மேல் வைத்துக் கோபுரத்தைக் காட்டினாள். மண் போன இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரென்ஃப்ரோ கொட்டை உடைக்கும் கருவியைக் கையிலேயே வைத்திருந்தார். கீழே வைக்கவும் இல்லை, உடைக்கவும் இல்லை.

"இந்தப் படம் எங்க அத்தையோடது," என்றார் கடைசியில். "நான் அஞ்சு வயசுல ஹூஸ்டன் போனவன். எண்பத்து மூணுல திரும்பி வந்தப்ப அத்தையும் இல்லை. பலகை எங்க இருந்துச்சோ அதுதான் இடம்னு எடுத்துக்கிட்டேன். எத்தனை தடவை பாத்திருக்கேன் இந்தப் படத்தை. முகங்களைத்தான் பாத்தேன்."

"யாரும் அப்படித்தான் பாப்பாங்க."

"மெங்கே வீட்டுக்கு நான் போகலை. போனா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

"போக வேணாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, யாரோ பக்கத்து அறையில் தூங்குவதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அப்ப என் பொண்ணு அங்க தனியாவா இருக்கா?"

டெல்ஃபினுக்குப் புரியவில்லை. "யாரு?"

"எண்பத்தஞ்சுல எங்களுக்கு ஒரு குழந்தை பொறந்துச்சு. பொறக்கும்போதே உயிர் இல்லை. என் சம்சாரம் எர்லீன் அழுதுக்கிட்டே கேட்டா, இத்தனூண்டு குழந்தையைத் தெரியாதவங்க நடுவுல வைக்க வேணாம், நம்ம ஜனங்க பக்கத்துல வைங்கன்னு. அப்ப இருந்த நிலத்துக்காரர் நல்ல மனுஷன், சரின்னார். நானே தேவதாரு மரத்துல பெட்டி செஞ்சேன். அங்க கொண்டு போய் வெச்சேன். எர்லீன் போனப்ப நிலம் கைமாறிடுச்சு, விடலை. அவளை மாசிடோனியா சர்ச் கல்லறைத் தோட்டத்துலதான் வெச்சிருக்கு. குழந்தையைப் பத்திக் கேஸ்ல எழுத எனக்கு மனசு வரலை."

எலிசியோ தொப்பியைக் கழற்றினான்.

டெல்ஃபினுக்குள் பழைய பத்திர எழுத்தர் விழித்துக்கொண்டாள். அதற்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டாள். ஆனால் அந்த நிமிடத்தில் அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மிஸ்டர் ரென்ஃப்ரோ, சட்டப்படி ஒரே ஒரு கல்லறை போதும். ஒண்ணு இருந்தாலும் அது இடுகாடுதான். கம்பெனியால தொட முடியாது. நீங்க ஜெயிக்கலாம்."

அவர் அதைக் கவனமாகக் கேட்டார். "நிரூபிக்கணுமே?"

"ஆமா."

"திறந்து பாப்பாங்களா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். "பாப்பாங்க. கம்பெனி வக்கீலும் நிப்பார். போட்டோ எடுப்பாங்க."

"எடுத்துட்டு, திரும்ப அங்கேயே வெச்சிருவாங்க. சுத்தியும் தோண்டுவாங்க. நடுவுல அவ மட்டும்." ரென்ஃப்ரோ தலையை ஆட்டினார். "நம்ம ஜனங்ககூட இருக்கட்டும்னுதான் வெச்சேன் மிஸ் டெல்ஃபின். நாப்பது வருஷமா அங்க யாருமே இல்லை. நான் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போய் எங்க பூட்டன்கிட்ட குழந்தையைப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டு வருவேன். அதை யாருகிட்ட சொன்னேன் நான்?"



புதன்கிழமை காலை எட்டு மணிக்கு மூன்று பேரும் அந்தப் புல்வெளிக்குப் போனார்கள். குழந்தையை இடம் மாற்ற யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்கப் போனால் ஆறு மாதம் ஆகும், அதற்குள் ஜல்லி இயந்திரம் வந்துவிடும். பிடிபட்டால் உரிமம் போய்விடும் என்பது டெல்ஃபினுக்குத் தெரிந்தே இருந்தது. வேலியோரத்தில் ரொட்டி அளவு ஆற்றுக்கல் ஒன்று புல்லுக்குள் புதைந்திருந்தது. ரென்ஃப்ரோ தேடவே இல்லை, நேராக அதனிடம் போனார்.

தோண்டியது எலிசியோ. மூன்றடிக்கு மேல் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கைகளால் அள்ளினான். பெட்டி மக்கிப் போயிருந்தது. இருந்தது மிகக் கொஞ்சம். ரென்ஃப்ரோ கொண்டுவந்திருந்த புதுப் பெட்டியில் அதை அவரே வைத்தார். உள்ளே எர்லீனின் ஸ்கார்ஃப் ஒன்றை விரித்திருந்தார். எலிசியோ குழியை மூடினான்.

மதியத்துக்குள் மாசிடோனியா சர்ச்சில் எர்லீனின் காலடியில் ஒரு சின்னக் குழி மூடப்பட்டது. பாதிரியார் குழந்தையின் பெயரைக் கேட்டார்.

"நாங்க பேர் வைக்கலீங்க," என்றார் ரென்ஃப்ரோ. "அங்க இருக்கிற பெரியவங்க எல்லாரும் பேர் வெச்சுக் கூப்பிட்டுக்குவாங்கன்னு விட்டுட்டோம்."

வியாழக்கிழமை நீதிமன்றத்தில் பத்துப் பேர்கூட இல்லை. டெல்ஃபின் எழுந்து மைதானத்தைப் பற்றிச் சொல்ல முயன்றாள். சாட்சி யார் என்று நீதிபதி கேட்டார். கையெழுத்துப் போட்ட சாட்சி இல்லை என்றாள். நம் முன்னால் இருப்பது அந்த நிலம் இல்லை, அதற்குத் தனியாக மனுப் போடுங்கள் என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. பிறகு ரென்ஃப்ரோவைப் பார்த்தார்.

"மிஸ்டர் ரென்ஃப்ரோ, இந்த நாலு ஏக்கர்ல உங்க குடும்பத்து ஆளுங்க யாராவது புதைக்கப்பட்டிருக்காங்களா?"

ரென்ஃப்ரோ எழுந்து நின்றார். அவருடைய நகங்களின் ஓரத்தில் இன்னும் செம்மண் இருந்தது.

"இப்போ யாரும் இல்லீங்க."

கம்பெனி வக்கீல் பேனாவை மூடினார். நீதிபதி தலையசைத்தார், எழுத்தர் தட்டச்சு செய்தார், எல்லாம் முடிய இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எலிசியோ ரென்ஃப்ரோவை வீட்டில் விடக் கூட்டிக்கொண்டு போனான்.

உத்தரவின் நகலுக்காக டெல்ஃபின் மட்டும் காத்திருந்தாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் அதைக் கவுன்ட்டரிலேயே நின்று, வரிவரியாகப் படித்தாள். மூன்றாவது பத்தியில் இருந்தது: 'மேற்படி நிலத்தில் எவரும் ஒருபோதும் புதைக்கப்படவில்லை என்று மனுதாரரே ஒப்புக்கொண்டார்.'

"ஏதாவது தப்பு இருக்கா டெல்ஃபின்?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள். இருவரும் பல வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். "இருந்தா இன்னைக்கே திருத்தித் தர்றேன்."

திருத்த வேண்டுமானால் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கே சர்ச்சுக்குத் தோண்டிப் பார்க்க ஆள் வரும்.

"எல்லாம் சரியா இருக்கு," என்று சொல்லி டெல்ஃபின் நகல் வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டாள்.